ஆக்லாந்து மர வில்லா: தெருவுக்கு ஒரு முகம், கொல்லைக்கு ஒரு முகம்

"ஆக்லாந்தில் வீடு தேடிக்கொண்டிருக்கிறோம். 1900 வாக்கில் கட்டிய மர வீடு ஒன்று பிடித்திருக்கிறது. விளம்பரத்தில் வில்லா என்று போட்டிருக்கிறார்கள். தெருவிலிருந்து பார்த்தால் தேர் மாதிரி வேலைப்பாடு. பின்பக்கம் போனால் கொட்டகை மாதிரி மொட்டையாக இருக்கிறது. நடுவில் ஒரு நீண்ட இருட்டு நடை. ஏன் இப்படிக் கட்டினார்கள்? இத்தனை வயதான மர வீட்டை நம்பலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

தேர் என்று சொன்னது நல்ல உவமை. ஆனால் தேருக்கு நாலு பக்கமும் சிற்பம் உண்டு. இந்த வீட்டுக்கு ஒரே பக்கம்தான். அதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் புரிந்துவிடும். இருபது வருஷமாக இந்த ஊரில் பழைய மர வீடுகளைப் பழுது பார்க்கும் வேலையில் இருக்கிறேன். ஒரு வில்லாவுக்குள் முதல் தடவை நுழையும்போது நான் பார்ப்பது, கட்டியவர் கையில் இருந்த காசு எந்த இடத்தில் தீர்ந்தது என்பதைத்தான். வாசலில் ஆரம்பித்துக் கொல்லை வரை நடந்தால் அது வரிசையாகத் தெரியும்.

முதலில் பெயர். நம் ஊரில் வில்லா என்றால் ஈ.சி.ஆர். ஓரம் காவலாளி வைத்து விற்கும் வசதியான தனி வீடு. நியூசிலாந்தில் வில்லா என்பது ஏறத்தாழ 1880-லிருந்து முதல் உலகப்போர் வரை சாதாரணக் குடும்பங்களுக்காகக் கட்டிய மர வீடு. பெரும்பாலும் ஒற்றைத் தளம். குமாஸ்தா, கடைக்காரர், தச்சர் குடியிருந்த வீடு. விக்டோரியா ராணி 1901 ஜனவரியில் இறந்துவிட்டார். இங்குள்ள தச்சர்களுக்கு அந்தச் செய்தி பத்துப் பதினைந்து வருஷம் கழித்துத்தான் எட்டியது போலிருக்கிறது. அதுவரை அதே விக்டோரியா பாணியில்தான் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஏன் மரம்? கட்டியவர்கள் செங்கல்லிலும் கல்லிலும் வாழ்ந்து பழகிய பிரிட்டன்காரர்கள். வந்த புதிதில் வெலிங்டனில் செங்கல்லிலும் கட்டிப் பார்த்தார்கள். 1848 அக்டோபரில் வந்த பூகம்பம் அவற்றைப் பிளந்து போட்டது. ஊர் மரத்துக்கு மாறியது. 1855 ஜனவரி 23 அன்று அதைவிடப் பெரிய பூகம்பம், இன்றைய மதிப்பீட்டில் அதன் அளவு 8-ஐத் தாண்டியது. மர வீடுகள் பெரும்பாலும் குலுங்கிவிட்டு நின்றன. அதற்கப்புறம் அங்கே யாரும் விவாதிக்கவில்லை. 1876-இல் கட்டிய அரசு அலுவலகக் கட்டடத்தைக்கூட மரத்தில்தான் எழுப்பினார்கள். வில்லியம் கிளேட்டன் வரைந்த நாலு மாடிக் கட்டடம் அது. தூரத்தில் நின்று பார்த்தால் இத்தாலியக் கல் மாளிகை. கிட்டே போய்த் தட்டினால் பலகைச் சத்தம். இந்தக் கல் வேஷத்தை நினைவில் வையுங்கள், உங்கள் வீட்டு முகப்பிலும் அது வரும்.

ஆக்லாந்துக்குப் பூகம்பத்தைவிடப் பெரிய காரணம் பக்கத்திலேயே இருந்தது. கவுரி மரம். நம் ஊர் கௌரிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இந்த நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிகளின் மொழிப் பெயர். வடக்குத் தீவின் மேல்பகுதியில் மட்டும் இயற்கையாக வளரும். வளர வளரக் கீழ்க்கிளைகளைத் தானே உதிர்த்துவிடும். அதனால் அடிமரம் கோயில் தூண் மாதிரி நேராக, கணு இல்லாமல் போகும். வைப்போவா காட்டில் இன்றும் நிற்கும் தானே மஹுதா என்ற கவுரியின் சுற்றளவு 13 மீட்டருக்கு மேல். இப்படி ஒரு மரத்தை அறுத்தால் எவ்வளவு அகலப் பலகை வேண்டுமோ அவ்வளவு அகலத்தில் கிடைக்கும், இழைத்தால் பட்டு மாதிரி வரும். மலைக்குள் ஓடையை மறித்து மர அணை கட்டுவார்கள். வெட்டிய மரங்களை அணைக்குப் பின்னாலும் ஓடைப் படுகையிலும் போட்டுவைத்து, மழைத் தண்ணீர் நிறைந்ததும் மதகைத் தட்டிவிடுவார்கள். வெள்ளம் மரங்களை அடித்துக்கொண்டு கடலோரம் வரை வந்துவிடும். அங்கிருந்து ஆக்லாந்துத் துறைமுகத்தை ஒட்டிய மரவாடிகளுக்கு. 1888-இல் மெல்போர்ன் முதலாளிகள் சேர்ந்து கவுரி டிம்பர் கம்பெனி என்று ஒன்றைத் தொடங்கி இங்கிருந்த வாடிகளை வரிசையாக வாங்கிப் போட்டார்கள். இரண்டு மூன்று தலைமுறைக்குள் காடு ஏறக்குறையத் தீர்ந்தது. வைப்போவாவைக் காப்புக்காடாக அறிவித்தது 1952-இல். நீங்கள் பார்த்த வீட்டின் தரையில் தேன் நிறத்தில் பளபளக்கும் பலகை அந்தக் காட்டிலிருந்து வந்ததாகத்தான் இருக்கும். இன்று கவுரியை வெட்டக் கட்டுப்பாடு கடுமை என்பதால், இடிக்கிற வீட்டிலிருந்து கழற்றிய பழைய பலகைக்குத் தனிச் சந்தையே இருக்கிறது.

சரி, இப்போது தெருவில் நில்லுங்கள்.

உங்கள் வர்ணனையை வைத்துப் பார்த்தால் அது இங்கே பே வில்லா என்று சொல்லும் வகை. முன்னால் இரண்டு அறைகள், நடுவில் வாசல். ஒரு அறை மட்டும் தெருப்பக்கம் முன்னுக்குத் தள்ளி, மூன்று பக்கமும் ஜன்னல் வைத்துக் கொஞ்சம் வயிறு புடைத்தது போல நிற்கும். அதன் தலையில் முக்கோண முகப்பு, உச்சியில் ஈட்டி போலக் கடைந்த ஒரு கட்டை. பின்வாங்கிய மற்ற அறைக்கும் வாசலுக்கும் முன்னால் வராந்தா. வராந்தா என்ற சொல்லே இந்தியாவிலிருந்துதான் ஆங்கிலத்துக்குப் போனது. சொல் போன அளவுக்குப் பழக்கம் போகவில்லை. நம் திண்ணையில் ஒரு ஆள் காலை நீட்டிப் படுக்கலாம். இந்த வராந்தாக்கள் பலவற்றில் ஒரு நாற்காலி போட்டால் நடக்க இடம் இருக்காது. தெருவில் போகிறவர்கள் பார்ப்பதற்கென்றே வைத்த மாதிரி இருக்கும். அதன் மேல் நெளித்தகரத்தை முன்பக்கம் வில் போல வளைத்து இறக்கியிருப்பார்கள். எனக்கு இந்த வீட்டில் மிகவும் பிடித்த சங்கதி அந்த வளைவுதான். தட்டைத் தகரத்தை அப்படி வளைத்தால் தொய்ந்துவிடும், நெளி இருப்பதால் விறைப்பாக நிற்கிறது.

வராந்தா தூண்களின் தலையில் சரிகை போல மரவேலை இருக்குமே, அதைப் பார்த்து ஒரு தச்சர் மாதக்கணக்காக உட்கார்ந்து செதுக்கினார் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். உண்மையில் அது மரவாடியின் நீராவி ரம்பம் அறுத்தது. கேட்டலாக்கில் படமும் எண்ணும் விலையும் இருக்கும். தூண் இத்தனை, மூலைத் தாங்கி இத்தனை, தொங்கல் பட்டை இத்தனை அடி என்று எழுதிக் கொடுத்தால் வண்டியில் வந்து இறங்கிவிடும். ஆணி அடிப்பதுதான் பாக்கி. ஒரே தெருவில் பத்து வீட்டில் ஒரே பூ வேலை இருப்பதன் ரகசியம் இது. கொஞ்சம் காசு கூடினால் இரண்டு வரிசை, குறைந்தால் ஒன்று. ஆர்க்கிடெக்ட் என்று பெரும்பாலும் யாரும் கிடையாது. கட்டுகிற மேஸ்திரிக்கு நாலைந்து மாதிரி மனப்பாடம். நீங்கள் அறை எண்ணிக்கை சொன்னால் போதும். இடது பக்கம் புடைத்த வீட்டுக்கு அடுத்த மனையில் அதையே கண்ணாடியில் பார்த்தது போல வலது பக்கம் புடைக்க வைத்துவிடுவார்.

அதற்காக அதை மட்டமாக நினைக்க வேண்டாம். அதற்கு இருபது வருஷத்துக்கு முன்னால் பணக்காரர் மாளிகையில் மட்டும் பார்த்த அலங்காரம், இயந்திரம் வந்ததால் குமாஸ்தா வீட்டுக்கும் வந்தது. அவர் அதை வாங்கித் தன் வீட்டு நெற்றியில் ஒட்டிக்கொண்டார்.

இப்போது முன்சுவரின் பலகையைக் கூர்ந்து பாருங்கள். ஒவ்வொரு பலகையின் மேல்விளிம்பிலும் ஒரு பள்ளம் இழைத்திருக்கும். வெயில் படும்போது வரிவரியாக நிழல் விழும். கல் அடுக்கிய சுவரில் தெரியும் கோடுகளின் நகல் அது. சில வீடுகளில் மூலைகளில் கட்டை கட்டையாக மரத்துண்டு அறைந்து மூலைக்கல் வேஷமும் போட்டிருப்பார்கள். அப்படியே பக்கச்சுவருக்குத் திரும்புங்கள். பல வீடுகளில் மூலை திரும்பியவுடன் பள்ளப் பலகை நின்றுபோய், ஒன்றின் மேல் ஒன்று ஏறிப்படுத்த சாதாரணச் சாய்வுப் பலகை ஆரம்பித்துவிடும். ஜன்னலும் அப்படித்தான். முன்னால் பெரிய கண்ணாடி, அகலமான சட்டம், மேலே ஒரு குட்டிக் கூரை. பக்கத்தில் வெறும் ஜன்னல். உங்கள் வீட்டிலும் இப்படி இருந்தால், காசு தீர ஆரம்பித்த முதல் இடம் அந்த மூலை.

உள்ளே வாருங்கள். நீண்ட நடைக்கு நம் பழைய வீட்டு ரேழியை நினைத்துக்கொள்ளலாம், ஆனால் இதன் முடிவில் வெளிச்சமான முற்றம் இருக்காது. பாதி தூரத்தில் ஒரு வளைவு வரும், இரண்டு பக்கமும் பூ வேலை செய்த தாங்கிகளோடு. அது வெறும் அழகுக்கு வைத்தது என்று பலர் வெள்ளையடித்துவிட்டுப் போகிறார்கள். அது எல்லைக்கோடு. வளைவுக்கு இந்தப் பக்கம் விருந்தாளி, அந்தப் பக்கம் வீட்டார். பல வீடுகளில் வளைவைத் தாண்டியதும் நடை குறுகும், சுவரடிப் பட்டையின் உயரம் குறையும், கதவுச் சட்டத்தின் வேலைப்பாடு மறைந்துபோகும். ஒரு தடவை குனிந்து சுவரடிப் பட்டையை மட்டும் பார்த்துக்கொண்டே வாசலிலிருந்து அடுக்களை வரை நடந்து பாருங்கள். நான் சொல்வது கண்ணில் படும்.

ஜன்னல் புடைத்த அந்த முன்னறைதான் வரவேற்பறை. நல்ல கணப்பு, நல்ல சுவர்க்காகிதம், இருந்தால் பியானோ எல்லாம் அங்கே. ஞாயிற்றுக்கிழமையும் விருந்தாளி வரும் நாளும் தவிர மூடியே கிடக்கும். எதிரே பெரிய படுக்கையறை. கூரைப்பலகை தரையிலிருந்து 11 அடி, 12 அடி. சின்ன வீட்டுக்கு இவ்வளவு உயரம் எதற்கு என்று கேட்பீர்கள். கெட்ட காற்றால் நோய் வரும் என்ற பயம் அந்தக் காலத்தில் பலமாக இருந்தது. எரிவாயு விளக்கும் மெழுகுவர்த்தியும் கணப்பும் புகைந்த அறைக்கு உயரம் தேவையும்கூட. ஜன்னலின் இரண்டு பலகைகளும் மேலும் கீழும் நகரும். சுவர்ச் சட்டத்துக்குள் ஒளிந்திருக்கும் இரும்புக் குண்டு கயிற்றில் தொங்கி அதைச் சமன் செய்கிறது. மேல்பலகையைக் கொஞ்சம் இறக்கிக் கீழ்ப்பலகையைக் கொஞ்சம் ஏற்றினால் சூடான காற்று மேலே போய், குளிர்ந்த காற்று கீழே வரும். உங்கள் வீட்டு ஜன்னல்களில் பாதி இப்போது திறக்காது என்று பந்தயம் கட்டுகிறேன். கயிறு அறுந்திருக்கும், இல்லையென்றால் யாரோ ஒருவர் ஐந்தாவது கோட் பெயின்ட்டில் ஒட்டிவிட்டிருப்பார். சரி செய்வது கடினமில்லை.

நடையின் கடைசியில்தான் குடும்பம் உண்மையில் வாழ்ந்தது. அடுக்களையும் அதை ஒட்டிய சாப்பாட்டு அறையும். செங்கல் மாடத்துக்குள் வார்ப்பிரும்பு நிலக்கரி அடுப்பு. டுனீடின் நகரத்தில் ஹென்றி ஷாக்லாக் 1873-இல் செய்யத் தொடங்கிய அடுப்பு நாடு முழுக்கப் போயிற்று. இங்கே கிடைக்கும் மட்டமான பழுப்பு நிலக்கரியிலும் எரியும்படி அமைத்திருந்தார், அதுதான் விற்றதற்குக் காரணம். பின்னாளில் ஓரியன் என்று பெயர். வீட்டில் எந்நேரமும் கதகதப்பான ஒரே அறை அடுக்களை. குழந்தைகளைக் குளிப்பாட்டியதும் துணி காயப்போட்டதும் அங்கேதான். அதற்கும் பின்னால் சரிந்த தகரத்தின் கீழ் பாத்திரம் கழுவும் இடம், துணி வெளுக்கச் செம்புக் கொப்பரை வைத்த கொட்டகை. கழிப்பறை கொல்லைக் கோடியில். நீங்கள் கொட்டகை மாதிரி இருக்கிறது என்றீர்களே, அது கொட்டகையேதான்.

இதில் எனக்கு ஆற்றாமை ஒன்று உண்டு. இங்கே சூரியன் வடக்கு வானத்தில் ஓடும். குளிர்காலத்தில் வடக்கே பார்த்த அறைதான் சொர்க்கம். இங்கிலாந்திலிருந்து வந்தவர்களுக்கு அது தலைகீழ் என்று தெரியாமல் இல்லை. ஆனால் வில்லாவுக்கு ஒரே வாஸ்துதான்: தெரு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் முகம். தெரு தெற்கே இருந்தால் வரவேற்பறை வருஷம் முழுவதும் சில்லென்று கிடக்கும். வெயிலெல்லாம் கொப்பரைக் கொட்டகைக்கு. தெரு வடக்கே இருந்தால் யாரும் உட்காராத முன்னறையில் வெயில் கொட்டும். எதிரெதிர் வரிசையில் ஒரே மாதிரி கட்டிய இரண்டு வீடுகளில் ஒன்று கதகதப்பாகவும் மற்றது ஐஸ் பெட்டியாகவும் இருப்பதற்கு இதுவே காரணம்.

இனி தோலை உரித்து எலும்பைப் பார்ப்போம், உங்கள் "நம்பலாமா" கேள்விக்குப் பதில் அங்கேதான். முந்தைய காலத்து ஐரோப்பிய மர வீடு என்றால் கனமான தூண்கள், துளையிட்டு முளை செருகிய மூட்டுகள், கைதேர்ந்த தச்சர்கள். வில்லா அப்படி இல்லை. நாலங்குலத்துக்கு இரண்டங்குலச் சட்டங்களைச் சுமார் ஒன்றரை அடி இடைவெளியில் நிறுத்தி, குறுக்கே துண்டுகள் வைத்து, மூலைக்கு மூலை ஒரு சாய்வுச் சட்டம் பதித்து, எல்லாவற்றையும் இயந்திரத்தில் செய்த ஆணியால் அடித்த கூண்டு. தனித்தனியாக எடுத்தால் ஒவ்வொரு குச்சியும் நோஞ்சான். நூற்றுக்கணக்கில் சேர்ந்து, பலகையால் போர்த்தியதும் கூடை மாதிரி வளைந்து கொடுக்கும். கிறைஸ்ட்சர்ச்சில் 2010 செப்டம்பரிலும் 2011 பிப்ரவரியிலும் வந்த பூகம்பங்களில் பழைய வீடுகளின் செங்கல் புகைபோக்கிகள் ஆயிரக்கணக்கில் சரிந்தன. அவற்றைச் சுற்றியிருந்த மரக் கூண்டுகள் பெரும்பாலும் நின்றன.

கூண்டு நிற்பது தரையில் இல்லை, குட்டைக் கால்களில். வைரம் பாய்ந்த டோட்டரா, பூரிரி மரத்துண்டுகள், சில வீடுகளில் கல் அல்லது செங்கல். பூரிரி மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் மக்காமல் கிடக்கும். ஆனாலும் நூறு வருஷத்தில் ஏதாவது ஒரு மூலை அமிழ்ந்திருக்கும். தரையில் கோலிக்குண்டு வைத்தால் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள். கால்களை மாற்றி வீட்டை நிமிர்த்துவது இங்கே அன்றாட வேலை. வீட்டையே தூக்கி லாரியில் வைத்து வேறு ஊருக்குக் கொண்டுபோகிறார்கள், நம்புங்கள். கால்களில் நிற்கும் மரக் கூண்டு என்பதால்தான் அது முடிகிறது.

வெளிப்பலகை சட்டத்தின் மேல் நேரடியாக ஆணியடித்தது. இடையில் ஈரம் தடுக்கும் காகிதம் கிடையாது, குளிர் தடுக்கும் பஞ்சு கிடையாது, வெறும் காற்று. உட்பக்கம் இழைக்காத பலகைகளைப் படுக்கைவாட்டில் அடித்து, அதன் மேல் சாக்குத் துணியை இழுத்துக் கட்டி, துணியின் மேல் சுவர்க்காகிதம் ஒட்டினார்கள். ஆமாம், நம் ஊர் கோணிச் சாக்கு மாதிரிதான். காற்று பலமாக அடிக்கும் ராத்திரியில் சுவர் மூச்சு விடுவது போல உப்பி அடங்கும். பழுது வேலையில் எனக்கு மிகவும் பிடித்த நாள் அந்தச் சாக்கைக் கிழிக்கும் நாள். ஒன்றன் மேல் ஒன்றாக ஏழெட்டுக் காகிதம் வரும், ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் ரசனை. அடியில் சில சமயம் பழைய செய்தித்தாள். வேலையை விட்டுவிட்டு விளம்பரங்களைப் படித்துக்கொண்டு நின்றதுண்டு.

கூரையில் ஒரு தந்திரம் இருக்கிறது. வீடு கிட்டத்தட்டச் சதுரம். அதன் மேல் ஒரே முகடு போட்டால் கூரை கோபுரம் மாதிரி உயர்ந்துவிடும், மரமும் தகரமும் அதிகம். அதனால் முன்னும் இரு பக்கமும் சரிவு வைத்து, நடுவில் பின்பக்கம் பார்த்த ஒரு பள்ளம் விட்டார்கள். தெருவிலிருந்து பார்த்தால் கம்பீரமான கூம்பு. மேலே ஏறிப் பார்த்தால் நடுவில் ஒரு தகர வாய்க்கால். இலை அடைத்தால் தண்ணீர் நேராக உங்கள் நடைக்குள் இறங்கும். நடுநடையின் கூரைப்பலகையில் பழுப்புக் கறை தெரிந்தால் வேறு எங்கும் தேட வேண்டாம்.

இந்த மாதிரி வாழ்க்கையை அப்படியே பார்க்க வேண்டுமானால் வெலிங்டன் போகும்போது தார்ண்டன் பகுதியில் டினகோரி தெருவில் இருக்கும் காதரின் மான்ஸ்ஃபீல்டு பிறந்த வீட்டுக்குப் போங்கள். சிறுகதை எழுத்தாளர் அவர். 1888-இல் அவருடைய அப்பா ஹரால்டு பீச்சம் கட்டிய வீடு. அவர் பின்னாளில் நியூசிலாந்து வங்கியின் தலைவரானவர். அப்போது இறக்குமதிக் கம்பெனி ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்த, குடும்பம் பெருகிக்கொண்டிருந்த இளைஞர். நாடு பொருளாதார மந்தத்தில் இருந்த நேரம் அது. இரண்டு மாடி என்றாலும் வெளியே சரிகை வேலை அதிகம் இல்லாத கறாரான மரப்பெட்டி. உள்ளே முன்னறைக்கு மட்டும் கனிவு. அருங்காட்சியகமாக 1988-இல் திறந்தார்கள். பேய்வீடு மாதிரி இருட்டான சுவர்க்காகிதங்களைப் பார்த்தால், இன்று எல்லா வில்லாவையும் வெள்ளை வெளேர் என்று அடிப்பது எவ்வளவு பிந்தைய பழக்கம் என்று தெரியும். வெளியிலும் அந்தக் காலத்தில் கல் நிறம், மங்கிய மஞ்சள், அவற்றுக்குக் கரையாகப் பழுப்பும் கரும்பச்சையும்தான்.

வில்லாவின் காலம் போரோடு முடிந்தது. கலிஃபோர்னியாவிலிருந்து வந்த பங்களா அதன் இடத்தைப் பிடித்தது. வங்காளத்திலிருந்து கிளம்பிய சொல் உலகத்தைச் சுற்றி இங்கே வந்து சேர்ந்தது. நமக்குப் பங்களா என்றால் பெரிய வீடு. இங்கே வில்லாவைவிடத் தாழ்ந்த கூரையும் குறைந்த அலங்காரமும் உள்ள வீடு, ஆனால் வெயிலைப் பார்த்துக் கட்டத் தொடங்கியது அதில்தான். அப்புறம் வில்லாவுக்குக் கெட்ட காலம். வசதி உள்ளவர்கள் புறநகருக்குப் போனார்கள். ஆக்லாந்தில் பான்சன்பி, கிரே லின் பகுதி வில்லாக்களை அறை அறையாகப் பிரித்து வாடகைக்கு விட்டார்கள். 1950-களிலும் 60-களிலும் சமோவா, டோங்கா, குக் தீவுகளிலிருந்து வேலைக்கு வந்த குடும்பங்கள் அவற்றில் குடியிருந்தன. நகரத்தை ஒட்டிய பல தெருக்கள் நெடுஞ்சாலைக்காக இடிபட்டன. தப்பிய வீடுகளில் சரிகை வேலையைப் பழசு என்று பிடுங்கி எறிந்தார்கள். 70-களுக்குப் பிறகு படித்த இளைஞர்கள் மறுபடி வாங்கத் தொடங்கினார்கள். இன்று அதே தெருக்களில் விலை மில்லியன்களில். பிடுங்கிய பூ வேலையை மறுபடி அறுத்து விற்கக் கடைகள் இருக்கின்றன, மறுபடியும் கேட்டலாக்கோடு.

வாங்குவதற்கு முன்னால் கட்டட ஆய்வாளரைத் தரைக்கு அடியில் தவழ்ந்து போகச் சொல்லுங்கள். போகமாட்டேன் என்றால் வேறு ஆளைப் பாருங்கள். கால்கள், உளுத்த சட்டங்கள், ஈரம் மூன்றும் அங்கே தெரியும். வண்டு பெரும்பாலும் வைரத்தைத் தொடாது, வெளிப்பக்க மரத்தைத்தான் பொடியாக்கும். அதனால் சிறு துளைகளைப் பார்த்ததும் பதற வேண்டாம், ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். சாக்குச் சுவர் இன்னும் இருக்கிறதா, பழைய ரப்பர் உறை வயர் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். தீப்பிடித்தால் அந்தச் சாக்கு திரி மாதிரி எரியும், காப்பீட்டுக் கம்பெனி முதல் கேள்வியாக இதைத்தான் கேட்கும். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் உப்புத்தாள் போட்டுத் தூசி கிளப்பவே கூடாது. கூரைக்கு மேலும் தரைக்குக் கீழும் பஞ்சு போடுவது சுலபம். சுவருக்குள் மட்டும் அவசரப்பட்டு அடைக்காதீர்கள். வெளிப்பலகை வழியாக வரும் மழை ஈரம் இப்போது காற்றில் காய்கிறது, பஞ்சை ஒட்டி வைத்தால் அது உறிஞ்சிக்கொண்டு சட்டத்தை அழுக வைக்கும். உட்பலகையைக் கழற்றி, இடையில் ஈரத்தடுப்பு வைத்து, கவுன்சில் அனுமதியோடு செய்ய வேண்டிய வேலை அது. செங்கல் புகைபோக்கி கூரைக்கு மேல் நின்றால் அதைச் சரி செய்யும் செலவையும் விலையில் கணக்குப் போடுங்கள்.

பழைய தெருக்கள் பலவற்றில் தெருப்பக்க முகப்பை மாற்றவோ இடிக்கவோ கவுன்சில் அனுமதி வேண்டும். கொல்லைப் பக்கம் அவ்வளவு கெடுபிடி கிடையாது. அதனால் இப்போது எல்லாரும் முன்னால் இருக்கும் நாலு அறைகளை அப்படியே விட்டுவிட்டு, கொட்டகையை இடித்துப் பின்பக்கம் முழுக்கக் கண்ணாடிக் கதவு வைத்துப் பெரிய அடுக்களையும் கூடமும் கட்டுகிறார்கள். காசு இப்போது தலைகீழாகச் செலவாகிறது. வரவேற்பறை யாரோ ஒருவரின் ஆபீஸ் அறையாகிவிட்டது.

ஆகவே அடுத்த தடவை அந்த வீட்டைப் பார்க்கப் போகும்போது போனில் திசைகாட்டியைத் திறந்து, வீட்டுக்கு முதுகு காட்டிக் கொல்லையில் நில்லுங்கள். வடக்கு என்று காட்டினால், மற்ற பழுதுகள் கையைக் கடிக்காத அளவில் இருந்தால், வாங்குங்கள் என்றுதான் நான் சொல்வேன். தெற்கு என்றால், இங்கே குளிர்காலமான ஜூலை மாதம் ஒரு சாயங்காலம் போய் அந்த அடுக்களையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.